வாளும் வாக்கும்: சென்னை மாகாணத்து 1920-ஆம் ஆண்டுத் தேர்தல்

முன்னுரை

சென்ற ஆண்டு எங்கட்கு உலக வரலாறு கற்பித்த பேராசிரியர் ஒருவர், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1800-ஆம் ஆண்டு நிகழ்ந்த குடியரசுத் தலைவர் தேர்தலை ஒரு மணி நேரம் விரித்துரைத்தார். வகுப்பு முடிந்ததும் யான் அவரை அணுகி, "ஐயா, இத்தகைய தேர்தல் நம் பக்கத்தில் என்று தொடங்கிற்று?" என்று வினவினேன். அவர் சற்றே நகைத்து, "நீ செஞ்சிப் பக்கத்துப் பிள்ளையல்லவா? சென்னை மாகாணத்துக்கு முதன்முதல் முதலமைச்சராய் வந்தவர் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தவர். அவர் பெயரைச் சொல், பார்ப்போம்" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஜெபர்ஸன் பெற்ற வாக்குகளின் எண்ணிக்கையை அன்று காலைதான் ஏட்டிற் குறித்துக்கொண்ட யான், என் மாவட்டத்தார் ஒருவரின் பெயரறியாது நின்றது நாணத்தைத் தந்தது. அந்நாணமே இக்கட்டுரைக்கு வித்து.

செஞ்சி கண்ட ஆட்சி மாற்றங்கள்

என் ஊர் மேல்மலையனூர். அமாவாசைதோறும் பல்லாயிரவர் வந்து கூடும் அங்காளம்மன் திருக்கோயிலால் அவ்வூரை அறியாதார் இலர். விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்புங்கால் செஞ்சியில் வண்டி மாறுவது என் வழக்கம். அங்கு நின்று நோக்குவார்க்கு இராசகிரியும், கிருட்டிணகிரியும், சந்திரகிரியும், அவற்றை வளைத்தோடும் மதிலும் தோன்றும். இளமை முதல் அம்மலைகளைக் கண்டு பழகிய எனக்கு, அவை ஒரு பாடநூல் என்பது இப்பொழுதுதான் விளங்கிற்று.

நாயக்கர் ஆண்ட அக்கோட்டையை 1649-இல் பீசப்பூர்ப் படைகள் கைப்பற்றின. 1677-இல் சிவாசி அதனை வென்றார். பின்னர் மொகலாயர் பல்லாண்டு முற்றுகையிட்டு, 1698-இல் அதனைக் கொண்டனர். தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் நம்மவர் இன்றும் நினைந்துருகும் தேசிங்குராசன், ஆர்க்காட்டு நவாபோடு பொருது 1714-இல் மாண்டான். 1750-இல் பிரெஞ்சுக்காரர் ஓரிரவிற் கோட்டையைப் பிடித்தனர். 1761-இல் ஆங்கிலேயர் அவர்களிடமிருந்து அதனைப் பறித்தனர். ஏறத்தாழ நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுக்குள் இத்துணை ஆட்சி மாற்றங்கள்! இவற்றுள் ஒன்றிலேனும், மலையடிவாரத்து உழவனை நோக்கி, "உனக்கு எவர் ஆட்சி வேண்டும்?" என்று கேட்டார் உண்டோ? இல்லை. வரி வாங்குவோர் மாறினர். வரி கொடுப்போன் மாறவில்லை.

தமிழகத்தில் தேர்ந்தெடுக்கும் முறையே இருந்ததில்லை என்று இதனாற் கொள்ளற்க. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை. முப்பது குடும்புகளிலிருந்து பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்த குடவோலை முறையை அவை கூறுகின்றன. கணக்குக் காட்டாதவனும் அவன் சுற்றத்தாரும் வாரியத்திற்கு ஆகார் என்ற விதி இன்றும் நம்மைத் தலைகுனியச் செய்யத் தக்கது. எனினும், கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையும், வேதக் கல்வியும் உடையார் பெயரே அக்குடத்துட் புகும். அஃது ஒரு பிரமதேயத்தின் உள்ளூராட்சி; நாட்டை ஆள்வார் யாவர் என்று தேரும் முறை அன்று. குடத்துட் புகும் பெயர்கள் எவை, புகாதவை எவை என்ற வினாவை மட்டும் நாம் மறவாது கொண்டு மேற்செல்வோம்.

அமெரிக்கா காட்டிய வழி

1800-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரு கட்சிகள் ஒன்றையொன்று கடும்பகையாய்க் கருதின. பதவியிலிருந்த ஜான் ஆடம்ஸ் கூட்டாட்சிக் கட்சியினர். தாமஸ் ஜெபர்ஸன் குடியரசுக் கட்சியினர். செய்தித்தாள்கள் இருவரையும் வாய்க்கு வந்தவாறு வைதன. அக்காலத்து விதிப்படி வாக்காளர் குழுவினர் ஒவ்வொருவரும் இரண்டு வாக்கு இடுதல் வேண்டும்; அவற்றுள் எது தலைவர்க்கு, எது துணைத்தலைவர்க்கு என்று குறிக்கும் வழி இல்லை. அதனால் ஜெபர்ஸனும் அவர்தம் கட்சித் துணைவரான ஆரன் பர் என்பவரும் ஆளுக்கு 73 வாக்குப் பெற்றுச் சமமாய் நின்றனர். ஆடம்ஸ் பெற்றவை 65. வழக்குப் பிரதிநிதிகள் சபைக்குச் சென்றது. அச்சபை முப்பத்தாறு முறை வாக்கெடுத்து, 1801 பிப்ரவரி 17-ஆம் நாள் ஜெபர்ஸனைத் தேர்ந்தது. இக்குழப்பம் மீண்டும் நேராவண்ணம் 1804-இல் அரசியலமைப்பைத் திருத்தினர்.

இத்தேர்தலின் பெருமை எண்ணிக்கையில் இல்லை. தோற்ற கட்சி படை திரட்டவில்லை. வென்ற கட்சி தோற்றாரைச் சிறையிலிடவில்லை. 1801 மார்ச் 4-ஆம் நாள் ஆட்சி ஒரு கட்சியினின்று மற்றொரு கட்சிக்கு அமைதியாய் மாறிற்று. செஞ்சி மதில்கள் காணாத காட்சி அது.

ஆனால் அந்நாட்டுக் குடத்துட் புகுந்த பெயர்கள் எவை? அன்றிருந்த பதினாறு மாநிலங்களுட் பெரும்பாலானவற்றில் மக்கள் நேரே வாக்களிக்கவில்லை. சட்டமன்றங்களே வாக்காளர் குழுவை அமர்த்தின. பல இடங்களிற் சொத்துடைய வெள்ளை ஆடவர்க்கே உரிமை இருந்தது. அடிமைகளாய்க் கிடந்த கறுப்பர்க்கு வாக்கு இல்லை. ஆயினும் பிரதிநிதித்துவக் கணக்கிற்கு அவர்கள் ஐவரை மூவராக எண்ணித் தென்மாநிலங்கள் வலிமை பெற்றன. நியூ ஜெர்சி மாநிலம் ஒன்றில் மட்டும் சொத்துடைய மணமாகாப் பெண்டிரும் கைம்பெண்டிரும் வாக்களித்து வந்தனர். அவ்வுரிமையையும் 1807-இற் பறித்துவிட்டனர். உரிமைப் பட்டியல் விரிவது போலவே சுருங்குவதும் உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

1920-ஆம் ஆண்டுத் தேர்தல்

இனி நம் மாகாணத்திற்கு வருவோம். 1919-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டம், மாண்டேகு, செம்ஸ்போர்டு என்னும் இருவர் வகுத்த திட்டத்தின் வழியே வந்தது. அதன்படி மாகாண ஆட்சித் துறைகள் இருகூறாயின. கல்வி, உள்ளூராட்சி, பொதுச்சுகாதாரம், வேளாண்மை முதலியவை மக்கட் பிரதிநிதிகளான அமைச்சர்பால் விடப்பட்டன. நிதி, போலீசு, நிலவரி முதலியவை கவர்னரும் அவர்தம் நிர்வாக சபையும் வைத்துக்கொண்ட துறைகள். இதற்கு இரட்டையாட்சி என்று பெயர். உழவனை நாள்தோறும் தொடும் நிலவரியும் போலீசும் அமைச்சர் கைக்கு வரவில்லை என்பதை ஈண்டு ஊன்றி நோக்குக.

அந்நாளிற் களத்தில் முனைந்து நின்றது தென்னிந்திய நலவுரிமைச் சங்கம். பிட்டி தியாகராய செட்டியார், டாக்டர் டி. எம். நாயர், டாக்டர் சி. நடேச முதலியார் ஆகியோர் முயற்சியால் 1916 நவம்பரில் அது தோன்றிற்று. 'ஜஸ்டிஸ்' என்ற ஆங்கில நாளிதழின் பெயரால் மக்கள் அதனை நீதிக்கட்சி என்றனர். அரசாங்க அலுவலிலும் கல்வியிலும் பிராமணரல்லாதார் மிகப் பின்தங்கி நின்றனர். சபைகளில் அவர்க்கு உரிய பங்கு வேண்டும் என்பதே அக்கட்சியின் கோரிக்கை. நீண்ட வழக்கிற்குப் பின், மெஸ்டன் பிரபுவின் தீர்ப்பால், பொதுத் தொகுதிகளில் 28 இடங்கள் பிராமணரல்லாதார்க்கு ஒதுக்கப்பட்டன. இந்தியக் கிறித்தவர்க்கும் தனித்தொகுதியாக 5 இடங்கள் கிடைத்தன.

காங்கிரசு மகாசபையோ 1920 செப்டம்பரிற் கல்கத்தாவிற் கூடி, காந்தியடிகளின் ஒத்துழையாமையை ஏற்றுச் சட்டசபைகளைப் புறக்கணித்தது. 'அந்நியன் அளிக்கும் அரைகுறை அதிகாரம் வேண்டா' என்பது அவர் கட்சி. 'கிடைத்த கதவைத் திறந்து உட்புகுந்தாலன்றி அடுத்த கதவு திறவாது' என்பது இவர் கட்சி. இரண்டிற்கும் நியாயம் உண்டு. இன்றிருந்து நோக்கும் நாம் ஒன்றை உயர்த்தி மற்றொன்றை இகழ்தல் எளிது, ஆயினும் நேர்மையன்று.

1920 நவம்பரில் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்க்கு 98 இடங்கள். எஞ்சியோர் நியமனத்தால் வந்தனர். நீதிக்கட்சி 63 இடங்களைப் பெற்றது. கவர்னர் வில்லிங்டன் பிரபு அமைச்சரவை அமைக்குமாறு தியாகராய செட்டியாரை அழைத்தார். அவர் பதவியை ஏற்க மறுத்து, கட்சித் தலைமையே தமக்குப் போதுமென அமைந்தார். அதன்மேல் 1920 டிசம்பர் 17-ஆம் நாள் முதலமைச்சராய்ப் பொறுப்பேற்றவரே அ. சுப்பராயலு ரெட்டியார். தென்னார்க்காடு ஜில்லா போர்டுத் தலைவராய் இருந்தவர். பேராசிரியர் என்னை வினவிய பெயர் இதுவே. பானகல் அரசர் இராமராயநிங்கரும், கே. வி. ரெட்டி நாயுடுவும் மற்ற இரு அமைச்சர்கள். 1921 சனவரி 12-ஆம் நாள் கன்னாட்டுக் கோமகன் புதுச்சபையைத் தொடங்கி வைத்தார். உடல்நலக் குறைவால் ரெட்டியார் அவ்வாண்டு சூலை 11-ஆம் நாள் பதவி துறந்தார், நவம்பரிற் காலமானார். பானகல் அரசர் அவர்க்குப்பின் முதலமைச்சரானார்.

பட்டியலில் இருந்தோரும் இல்லாதோரும்

உத்தரமேரூர்க் குடத்தைக் குறித்து எழுந்த வினாவை இங்கும் எழுப்புவோம். அன்று சென்னை மாகாணத்தின் மக்கள்தொகை நான்கு கோடிக்கு மேல். வாக்காளர் பட்டியலில் இருந்தோரோ 12 இலட்சத்து 48 ஆயிரத்தினர். அஃதாவது நூற்றுக்கு மூவர். அவருள்ளும் வாக்களித்தோர் 3 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோரே. நிலவரி, நகரவரி, வருமானவரி முதலியவற்றின் அளவு கொண்டே பெரும்பாலும் உரிமை அளக்கப்பட்டது. பெண்டிர்க்கு அறவே இல்லை. பிறர் நிலத்தில் உழுதுண்ட கூலியாளர்க்கும் இல்லை. தாழ்த்தப்பட்ட வகுப்பினர் சார்பில் எம். சி. இராஜா முதலியோர் நியமனத்தாலேயே சபையில் இடம்பெற வேண்டியிருந்தது.

இத்துணைக் குறுகிய வாயில்வழிப் புகுந்த சபை, புகுந்தபின் என் செய்தது? இதுவே என் கட்டுரையின் நடுப்பொருள்.

1920 நவம்பரில், நம் மாகாணம் தேர்தல் கண்ட அதே திங்களில், அமெரிக்க நாடெங்கும் பெண்டிர் முதன்முறையாகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களித்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் நிறைவேறிய பத்தொன்பதாம் திருத்தம் அவ்வுரிமையைத் தந்தது. ஜெபர்ஸன் தேர்தலுக்கும் அதற்கும் இடையே நூற்றிருபது ஆண்டுகள் கழிந்தன. சென்னைச் சபையோ தான் கூடிய மூன்றாந் திங்களில், 1921 ஏப்ரல் 1-ஆம் நாள், ஆடவர்க்குரிய தகுதியுடைய பெண்டிர்க்கும் வாக்குரிமை உண்டென்று தீர்மானித்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் இதனைச் செய்ததில் நம்முடையதே முதல். இதற்கு முன்னுழைத்தோரையும் மறத்தலாகாது. 1917-இல் அடையாற்றிற் பெண்கள் சங்கம் கண்ட மார்கரெட் கசின்ஸ் அம்மையாரும், அவ்வாண்டு டிசம்பரில் மாண்டேகுவிடம் முறையிட்ட தூதுக்குழுவிற்குத் தலைமை தாங்கிய சரோசினி தேவியாரும் அன்று ஏமாற்றமே பெற்றனர். அவர்கள் தட்டிய கதவு மூன்றரை ஆண்டு கழித்துத் திறந்தது. 1926-இல் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் அச்சபைக்கு நியமனம் பெற்றுத் துணைத்தலைவராகவும் விளங்கினார்.

1922-இல், எம். சி. இராஜாவின் முயற்சியால், அரசாங்க ஏடுகளில் 'பஞ்சமர்' முதலிய பெயர்களை நீக்கி 'ஆதிதிராவிடர்' என வழங்கச் சபை இசைந்தது. பெயர் மாற்றம் சிறிதெனச் சிலர் கருதலாம். தம்மைப் பிறர் எப்பெயரால் அழைக்க வேண்டும் என்பதைத் தாமே சொல்லும் உரிமை பெறாதவர்க்குத்தான் அதன் அருமை தெரியும்.

குறைகளையும் ஒளித்தல் தகாது. முதல் அமைச்சர் மூவரும் தெலுங்கு பேசுவோர். தமிழ்ப் பகுதியினர் இதனால் மனம் வருந்தினர். 1923-ஆம் ஆண்டுத் தேர்தலிற் கட்சியின் வலிமை குறைந்தபின்னரே டி. என். சிவஞானம் பிள்ளை அமைச்சரானார். எம். சி. இராஜாவும் தம் வகுப்பார்க்கு உரிய பங்கு கிடைக்கவில்லையென்று அக்கட்சியை விட்டு நீங்கினார். சமவுரிமை கேட்டு உட்புகுந்தார், தம்பின் நிற்பாரைத் திரும்பி நோக்கச் சில வேளை மறந்தனர் என்பதே இதன் பொருள். சொத்துத் தகுதியை அச்சபை அகற்றவில்லை. அகற்றும் அதிகாரம் முழுவதும் அதனிடம் இருந்ததும் இல்லை.

தோல்வியைத் தாங்கும் பண்பு

தேர்தலின் மற்றொரு பயன், தோற்றவர் நடந்துகொள்ளும் முறையில் விளங்கும். 1923 நவம்பரிற் சி. ஆர். ரெட்டி, பானகல் அமைச்சரவை மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொணர்ந்தார். 44 பேர் ஆதரித்தனர், 65 பேர் எதிர்த்தனர், தீர்மானம் வீழ்ந்தது. 1926-இல் நிலை மாறிற்று. சுயராச்சியக் கட்சி 41 இடங்களையும், நீதிக்கட்சி 21 இடங்களையும் பெற்றன. சுயராச்சியக் கட்சியினர் பதவியேற்க மறுத்தமையால், எக்கட்சியையும் சாராத டாக்டர் ப. சுப்பராயன் முதலமைச்சரானார். ஐந்தாண்டுக்கு மேல் ஆண்ட பானகல் அரசர் பதவியைத் துறந்து, அதே மன்றத்தில் எதிர்வரிசையில் அமர்ந்தார். முற்றுகையில்லை, மதில் இடியவில்லை, குதிரைக் குளம்போசை இல்லை. 1801-இல் அமெரிக்கா கற்ற பாடத்தை 1926-இல் நம்மவரும் கற்றனர். தேசிங்குராசனுக்காக இரங்கும் நாம், ஆட்சி மாறுங்கால் ஓர் உயிரும் மாளாத இந்நிகழ்ச்சியைப் பாடாது விட்டோம். வீரத்திற்குக் கதைப்பாட்டு உண்டு. அடக்கத்திற்கு இல்லை போலும்!

பின்னர் 1935-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலைப் பெருக்கிற்று. ஆயினும் அப்போதும் இந்தியா முழுவதிலும் ஏறத்தாழ மூன்று கோடியினர்க்கே வாக்கு இருந்தது. 1950 சனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பே வரி, கல்வி, குலம், பால் என்ற வேறுபாடுகளை ஒருங்கே நீக்கி, இருபத்தொரு வயது நிரம்பிய யாவர்க்கும் உரிமை அளித்தது. 1951-52-ஆம் ஆண்டுத் தேர்தலிற் பட்டியலில் இருந்தோர் பதினேழு கோடிக்கு மேல். எழுத்தறியாதாரும் தம் விருப்பத்தை அறிவிக்குமாறு ஒவ்வொரு வேட்பாளர்க்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைத்தனர். 1989-இல் வயது வரம்பு பதினெட்டாயிற்று.

முடிவுரை

இவ்வளவும் எழுதிய யான் ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். எனக்குப் பதினெட்டு நிரம்பி ஓராண்டுக்கு மேலாகியும் பட்டியலில் என் பெயரைப் பதிவு செய்யாதிருந்தேன். விடுதியில் எங்களுட் பலர், "ஒரு வாக்கால் ஆவதென்ன?" என்று பேசுவது வழக்கம், யானும் அப்படியே பேசினேன். இக்கட்டுரைக்காகப் படித்துக் கொண்டிருந்த நாளில் விடுமுறைக்கு ஊர் சென்றபோது, என் தந்தையைப் பெற்ற ஆயாவிடம், 1920-இல் நம் குடும்பத்தார் எவர்க்கேனும் வாக்கு இருந்திருக்குமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "காணி இருந்தாத்தானே வரி? நம்மாளுங்க ஊரார் நிலத்துல உழைச்சவங்க" என்றார். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் தமக்கு உரிமை வந்த நாள்முதல் ஒரு தேர்தலையும் விட்டவரல்லர். முழங்கால் வலியோடு ஏன் நடந்து போகிறீர் என்றதற்கு, "நம்மளையும் ஒரு ஆளா மதிச்சுப் பேரு எழுதி வெச்சிருக்காங்க. போவாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று மறுவினா விடுத்தார்.

யான் படித்த நூல்களெல்லாம் சொல்லாததை அவ்வொரு சொல் சொல்லிற்று. நூற்றுக்கு மூவர் பெயர் எழுதிய பட்டியலில் எம்மவர் பெயர் இல்லை. அப்பெயர் அதில் ஏறுவதற்குள் முப்பது ஆண்டுகள் கழிந்தன; எத்தனையோ பேர் கதவைத் தட்டிக் கைநொந்தனர்; உட்புகுந்தோருட் சிலர் பின்வருவார்க்காக அதனைத் திறந்து வைத்தனர். அவ்வாறு திறந்த வாயில்வழி நடக்க, யான் சோம்பி நின்றேன்.

ஆதலின் தோழர்காள்! ஒரு தேர்தலின் மேன்மையை அளக்க விரும்பினால், வென்றார் எவர் என்று மட்டும் கேளாதீர். பட்டியலில் இல்லாதார் எவர், வென்றார் அவர்பொருட்டுச் செய்தது யாது, தோற்றார் எவ்வாறு அகன்றார் என்ற மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். 1800-ஆம் ஆண்டு அமெரிக்காவையும், 1920-ஆம் ஆண்டு சென்னையையும், நாளை நம் ஊரில் நிகழும் தேர்தலையும் அளப்பதற்கு இக்கோலே போதும்.

ஆயாவிடம் பேசிய மறுநாட் காலையே, மேல்மலையனூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் என் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். அடுத்த தேர்தலில் ஆயாவின் கையைப் பற்றிக்கொண்டு யானும் வரிசையில் நிற்பேன்.